இலகு ராணுவ ஹெலிகாப்டர்: ஒரே இன்ஜினுக்கு மூன்று குதிரைத்திறன் எண்கள், எதை நம்புவது?

#1 தும்பி_நிழல்
வணக்கம். ஃப்ளைட் சிமுலேட்டர் ஒன்றுக்காக ஹியூஸ் 500 ஹெலிகாப்டர் குடும்பத்தை மாதிரி செய்துகொண்டிருக்கிறேன். ஓஎச்-6ஏ கையூஸில் தொடங்கி 500டி, டிஃபெண்டர், 530எஃப் வரை ஒரே அட்டவணையில் கொண்டுவர வேண்டும். இரண்டு நாள் வேலை என்று நினைத்தேன், மூன்று வாரம் ஆகிவிட்டது.

ஓஎச்-6ஏ-யின் இன்ஜின் சக்தியை ஒரு தளம் 317 குதிரைத்திறன் என்கிறது, இன்னொன்று 252 என்கிறது, ஒரு பழைய இதழின் ஸ்கேன் 214 என்கிறது. மூன்றிலும் இன்ஜின் பெயர் ஒன்றுதான், அலிசன் டி63-ஏ-5ஏ. எடைக்குப் போனால் 1,089 கிலோ, 1,225 கிலோ என்று இரண்டு. 500டிக்கு 1,361, 1,610. மேலே சுழல்கிற ரோட்டாரின் விட்டமாவது ஒழுங்காக இருக்கும் என்று பார்த்தால் ஓஎச்-6ஏ-க்கு ஒரு இடத்தில் 8.03 மீட்டர், என் அட்டவணையில் 8.05. அதை எங்கிருந்து எடுத்தேன் என்பது எனக்கே நினைவில்லை.

எல்லாம் சரியாகக் கிடைக்கிற ஒரே இடம் என்று ஏதாவது இருக்கிறதா? எது உண்மை, எது கதை?

#2 காகிதப்புலி
317, 252, 214 மூன்றுமே உண்மை. ஸ்பானர் அண்ணன் வந்து விளக்குவார், நான் டீ போட்டுவிட்டு வருகிறேன்.

#3 பழைய_ஸ்பானர்
வந்துவிட்டேன். தம்பி, இதில் குழப்பமே இல்லை, மூன்று வெவ்வேறு கேள்விகளுக்கான மூன்று பதில்கள் அவை.

317 என்பது இன்ஜின் கொடுக்கக்கூடியது. கடல்மட்டத்தில், 15 டிகிரியில், இன்ஜினைத் தனியாக பெஞ்சில் வைத்து ஓட்டினால் தண்டில் கிடைக்கிற சக்தி. ஆனால் அந்த சக்தி கியர்பாக்ஸ் வழியாகத்தான் ரோட்டாருக்குப் போக வேண்டும். ஓஎச்-6ஏ-யின் கியர்பாக்ஸ் அவ்வளவையும் தாங்காது. புறப்படும்போது மட்டும், அதுவும் சில நிமிடங்களுக்கு, சுமார் 252 வரை அனுமதி. நாள் முழுக்க இழுக்கலாம் என்று விட்டிருப்பது சுமார் 214. அவ்வளவுதான் விஷயம்.

"அப்படியென்றால் 317 எதற்கு, வீண்தானே?" என்று எல்லோரும் கேட்பார்கள். வீண் இல்லை. உயரம் ஏற ஏற, வெயில் ஏற ஏற, காற்று மெலிந்து இன்ஜின் மூச்சு வாங்கும். கடல்மட்டத்தில் 317 கொடுத்தது மேலே 260 கொடுக்கும். அப்போதும் கியர்பாக்ஸ் கேட்பது 252தான், ஆகவே விமானிக்கு எதுவும் குறையாது. கையில் மிச்சம் வைத்துக்கொண்டு இன்ஜினை அடக்கி ஓட்டுவதை நாங்கள் டீரேட் என்போம். இந்த வகை ஹெலிகாப்டர்களில் அதுதான் வழக்கம், விதிவிலக்கு அல்ல.

இன்னும் மோசமான உதாரணம் சொல்கிறேன். 500டியின் இன்ஜின் அலிசன் 250-சி20பி, 420 குதிரைத்திறன், புறப்பாட்டு வரம்பு 375. 530எஃப்-இல் 250-சி30, 650 குதிரைத்திறன், புறப்பாட்டு வரம்பு 425. அட்டவணையில் 420-க்குப் பக்கத்தில் 650 என்று போட்டால் ஏதோ ஒன்றரை மடங்கு அசுரன் போலத் தெரியும். கடல்மட்டத்தில் ரோட்டாருக்குப் போகிற வித்தியாசம் வெறும் 50. மலைமேல் கொண்டுபோனால்தான் அந்த 650 தன் வேலையைக் காட்டும். அதற்காகவே செய்த ரகம் அது.

#4 தும்பி_நிழல்
அண்ணே, இதை யாராவது முதல் நாளே சொல்லியிருந்தால் ஒரு வாரம் மிச்சமாகியிருக்கும். நான் 650-ஐ அப்படியே ரோட்டாருக்குக் கொடுத்து ஓட்டினேன், ராக்கெட் மாதிரி மேலே போனது. காற்று மாதிரியில் தப்பு என்று நினைத்து ரோட்டார் இழுவையை ஏற்றிக்கொண்டே போனேன்.

அப்படியானால் அட்டவணையில் எதைப் போடுவது?

#5 பழைய_ஸ்பானர்
சிமுலேட்டர் என்றால் இரண்டும் வேண்டும். இன்ஜினின் சக்தி உயரத்தோடும் வெப்பத்தோடும் எப்படிக் குறைகிறது என்ற வளைகோடு ஒன்று, கியர்பாக்ஸ் வரம்பு ஒன்று. அந்த நொடியில் எது குறைவோ அதுதான் ரோட்டாருக்கு. முதலில் ஏற்றி வைத்த இழுவையை இறக்கிவிடு.

#6 காகிதப்புலி
சரி, டீ முடிந்தது. எங்கே தேடுவது என்ற கேள்விக்கு வருகிறேன்.

நான் முதலில் திறப்பது வகைச் சான்றிதழின் தரவுத்தாளை, அதாவது டிசிடிஎஸ். ஒரு ஹெலிகாப்டருக்குச் சிவில் சான்றிதழ் கொடுத்த அதிகார அமைப்பு அந்தச் சான்றிதழோடு வெளியிடுகிற தாள் அது. அமெரிக்க ரகங்களுக்கு எஃப்ஏஏ, ஐரோப்பிய ரகங்களுக்கு ஈயாசா, இருவரும் இலவசமாகவே போட்டு வைத்திருக்கிறார்கள். ஹியூஸ் 500 குடும்பத்தின் தாள் எண் எச்3டபிள்யூஇ. அதைத் திறந்ததும் தும்பிக்கு ஒரு அதிர்ச்சி காத்திருக்கிறது: "500டி" என்று தேடினால் கிடைக்காது. சட்டப்படி அதன் பெயர் 369டி. 500இ என்பது 369இ. 500சி என்று விற்றது 369எச்எஸ். ஓஎச்-6ஏ-யின் சிவில் மூலம் 369ஏ. 500, டிஃபெண்டர் எல்லாம் விற்பனைப் பெயர்கள்.

நிறுவனத்தின் பெயரும் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. ஹியூஸ், 1984-இல் மெக்டொனல் டக்ளஸ், 1997-இல் போயிங், 1999-இல் எம்டி ஹெலிகாப்டர்ஸ். ஹியூஸ் 500டி, எம்டி 500டி என்று இரண்டு வரிசை போட்டு இரண்டுக்கும் வேறு வேறு எடை எழுதி வைத்த ஒரு அட்டவணையை நானே பார்த்திருக்கிறேன். ஒரே ஹெலிகாப்டர்!

இது இந்தக் குடும்பத்தின் நோய் மட்டும் இல்லை. இசி145 என்று எல்லோருக்கும் தெரிந்தது சான்றிதழில் பிகே117 சி-2. அமெரிக்க ராணுவத்தின் யூஎச்-72ஏ லகோட்டாவும் அதே உடம்புதான். எச்125 என்றால் தாளில் ஏஎஸ்350 பி3. அதனால் எண்ணைத் தேடுவதற்கு முன்னால் பெயரைத் தேடுங்கள். ரகத்தின் சட்டப்பெயர், ராணுவப்பெயர், விற்பனைப்பெயர், உரிமம் வாங்கிச் செய்தவர் வைத்த பெயர், இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. இத்தாலியில் செய்த என்எச்-500, ஜப்பானில் கவாசாகி செய்த ஓஎச்-6ஜே, ஓஎச்-6டி எல்லாம் இந்தக் குடும்பத்தின் பிள்ளைகள்தான். ஆனால் ஓஎச்-6டி-யின் வேர் 500டி, ஓஎச்-6ஏ இல்லை. பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது.

#7 ரோட்டார்_பித்தன்
எனக்கு இதில் உடன்பாடு இல்லை. டிசிடிஎஸ் சிவில் காகிதம். ராணுவ ரகம் பற்றிக் கேட்டால் சிவில் தாளைக் காட்டுவது எப்படி நியாயம்? அதில் தூரம் இருக்காது, ஏறும் வேகம் இருக்காது, ஆயுதம் தூக்கினால் என்ன ஆகும் என்று இருக்காது. ஆண்டுதோறும் வருகிற தொகுப்பு நூல்களில் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கிறது. நான் இருபது வருடமாக அதைத்தான் பார்க்கிறேன், யாரும் குறை சொன்னதில்லை.

#8 காகிதப்புலி
பித்தன், பாதி சரி. டிசிடிஎஸ்-இல் தூரம் இருக்காது, சேவை உச்சவரம்பு, அதாவது எவ்வளவு உயரம் ஏறலாம் என்பது, இருக்காது, அதை ஒப்புக்கொள்கிறேன். அதில் இருப்பது வரம்புகள்: எடை, சக்தி, சுழற்சி, மீறக்கூடாத வேகம், எரிபொருள் கொள்ளளவு, எந்த வரிசை எண்களுக்கு இது பொருந்தும் என்பது. ஆனால் இருப்பவற்றுக்கு யாரோ சட்டப்படி கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். தொகுப்பு நூலில் பெரும்பாலும் இருப்பது தயாரிப்பாளர் அனுப்பிய எண், அதுவும் விற்பனைத் துறை அனுப்பியது.

நூலை நான் ஒதுக்கவில்லை. எந்த ஆண்டுப் பதிப்பு என்று பாருங்கள் என்கிறேன். பிஓ-105 என்கிற ஜெர்மன் ஹெலிகாப்டரை எடுத்துக்கொள்ளுங்கள், சிபி ரகம் 2,400 கிலோ, பிறகு வந்த சிபிஎஸ் 2,500 வரை போனது. ஒரு பதிப்பில் ஒன்று, அடுத்ததில் இன்னொன்று என்றால் யாரும் பொய் சொல்லவில்லை, நடுவில் ஹெலிகாப்டர் வளர்ந்துவிட்டது. ஆண்டு போடாமல் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தால்தான் சண்டை.

#9 பழைய_ஸ்பானர்
ராணுவ ரகத்துக்கு ராணுவக் கையேடு. அமெரிக்கத் தரைப்படை ஹெலிகாப்டர்களுக்கு இயக்குபவர் கையேடு என்று ஒன்று உண்டு, எண்ணின் கடைசியில் "-10" என்று முடிந்தால் அது விமானிக்கானது, 20-களில் முடிந்தால் எங்களை மாதிரி ஆட்களுக்கானது. ஓஎச்-6ஏ-க்கு டிஎம் 55-1520-214-10 (டிஎம் என்றால் தொழில்நுட்பக் கையேடு). ஓஎச்-58ஏ, சி இரண்டுக்கும் டிஎம் 55-1520-228-10. இவற்றில் ஐந்தாம் அத்தியாயம் இயக்க வரம்புகள், ஆறாம் அத்தியாயம் எடையும் சமநிலையும், ஏழாம் அத்தியாயம் செயல்திறன் வரைபடங்கள். தும்பிக்கு வேண்டிய தங்கம் அந்த ஏழாம் அத்தியாயத்தில்தான் இருக்கிறது. தூரம் எவ்வளவு என்று ஒரே எண் அங்கே கிடைக்காது, கோடு கோடாக வரைபடம் இருக்கும். எடையை வைத்து, வெப்பத்தை வைத்து, உயரத்தை வைத்து ஸ்கேலால் கோடிழுத்து நீயேதான் எடுக்க வேண்டும். முதல் நாள் தலைவலிக்கும். அப்புறம் வேறு எதையும் நம்ப மாட்டாய்.

இரண்டு விஷயம் கவனி. முதல் பக்கத்தில் தேதி இருக்கும், அதற்குக் கீழே எத்தனையாவது மாற்றம் என்று இருக்கும். இந்தக் கையேடுகளைப் பக்கம் பக்கமாக மாற்றுவார்கள். பழைய பக்கத்தைக் கழற்றிவிட்டுப் புதியதைச் சொருகுவது எங்கள் வேலை, அதில் ஒன்று விட்டுப்போனால் மேஸ்திரியிடம் காது கிழிய வாங்கிக் கட்டிக்கொள்வோம். இணையத்தில் கிடைக்கிற ஸ்கேன் எந்த மாற்றம் வரைக்கும் சேர்த்தது என்று முன்பக்கத்தில் செல்லுபடியாகும் பக்கங்களின் பட்டியலைப் பார்த்தால் தெரியும். ஓரத்தில் கறுப்புக் கோடு இருக்கிற பத்திகள் மாறியவை.

இரண்டாவது, அட்டையில் விநியோக வாசகம் இருக்கும். பொதுவெளிக்கு அனுமதி, விநியோகத்துக்கு வரம்பில்லை என்று இருந்தால் மட்டும் எடு.

#10 சிறகில்லாதவன்
கையேடு வேண்டுமா? என் நண்பரிடம் இன்னும் பயன்பாட்டில் இருக்கிற ஒரு ஹெலிகாப்டரின் கையேடு இருக்கிறது, அட்டையில் ஏதோ "வரையறுக்கப்பட்டது" என்று போட்டிருக்கிறது, வேண்டுமானால் அனுப்பச் சொல்கிறேன்.

#11 காகிதப்புலி
வேண்டாம். அனுப்பவும் வேண்டாம், இங்கே ஒட்டவும் வேண்டாம். ஒரு கணினி விளையாட்டில் டாங்கிக் கவசத்தின் தடிமன் தப்பு என்று நிரூபிக்க ரகசியக் காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்தவர்கள் கதை எல்லோருக்கும் தெரியும். நமக்கு அது வேண்டாம் சகோ.

#12 சிறகில்லாதவன்
புரிந்தது, மன்னிக்கவும். வேறு ஒரு சந்தேகம், ஓஎச்-58ஏ கயோவா என்பது பச்சைப் பெயின்ட் அடித்த பெல் 206 ஜெட்ரேஞ்சர்தானே? ஜெட்ரேஞ்சர் எண்களை அப்படியே போட்டால் போதாதா?

#13 பழைய_ஸ்பானர்
எல்லோரும் விழுகிற குழி இது. 206ஏ-யின் பிரதான ரோட்டார் 33 அடி 4 அங்குலம். ஓஎச்-58ஏ-க்கு 35 அடி 4 அங்குலம். இரண்டு அடி வித்தியாசம், மீட்டரில் 10.16-க்கு எதிராக 10.77. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், படத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆனால் சிமுலேட்டரில் ரோட்டார் தட்டின் பரப்பு 12 சதவீதம் கூடிவிடும், மிதக்கத் தேவையான சக்தி மாறிவிடும்.

ஓஎச்-58சி அதே ரோட்டார், இன்ஜின் மட்டும் 317-இலிருந்து 420-க்குப் போனது. ஓஎச்-58டி முழுக்க வேறு பிறவி: இரண்டு இலைக்குப் பதில் நான்கு இலை, 35 அடி விட்டம், 650 குதிரைத்திறன் இன்ஜின், தலைமேல் பந்து மாதிரிப் பார்வைக்கருவி. "ஓஎச்-58" என்று மட்டும் எழுதியிருக்கிற எந்த அட்டவணையையும் மூடிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம். மறுபக்கம், டிஎச்-67 கிரீக் என்கிற பயிற்சி ஹெலிகாப்டர் உண்மையிலேயே பெயின்ட் மாற்றிய ஜெட்ரேஞ்சர்தான், அங்கே சிவில் எண்களைத் தைரியமாகப் போடலாம். ஆக, பொதுவிதி எதுவும் கிடையாது, ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டியதுதான்.

#14 நாட்மைல்
வேகத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே? எனக்கு எரிச்சல் அங்கேதான்.

கசெல் எஸ்ஏ 341 என்கிற பிரெஞ்சு ஹெலிகாப்டரை எடுங்கள். பல இடங்களில் "அதிகபட்ச வேகம் மணிக்கு 310 கி.மீ." என்று இருக்கும். அது மீறக்கூடாத வேகம், விஎன்இ. அதற்கு மேல் போனால் ஹெலிகாப்டர் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தருவதில்லை. அன்றாடம் பறக்கிற அதிகபட்சப் பயண வேகம் 264. சிக்கன வேகம் 233. இப்போது ஒருவர் கசெலுக்கு விஎன்இ-யையும் எதிரில் இன்னொரு ஹெலிகாப்டருக்குப் பயண வேகத்தையும் போட்டுவிட்டு "கசெல் எவ்வளவு வேகம் பாருங்கள்" என்று கட்டுரை எழுதுகிறார். மாம்பழத்தையும் மாங்கொட்டையையும் தராசில் வைத்த கதை.

நீளமும் அப்படித்தான். கசெலுக்கு 11.97 மீட்டர் என்றும் 9.53 என்றும் இரண்டு வரும். முதலாவது ரோட்டார் சுற்றுகிறபோது முனையிலிருந்து முனை வரை, இரண்டாவது உடல் மட்டும். ஹேங்கர் கட்டுகிறவருக்கு ஒன்று, மாடல் செய்கிறவருக்கு இன்னொன்று.

அலகு பற்றி ஒரு வார்த்தை. ஒரு நாட் 1.852 கி.மீ., ஒரு மைல் 1.609. கையேட்டில் வெறுமனே "120" என்று இருப்பதை மைல் என்று எடுத்தால் 193, நாட் என்று எடுத்தால் 222. கேலனில் அமெரிக்கக் கேலன் 3.785 லிட்டர், பிரிட்டிஷ் கேலன் 4.546. குதிரைத்திறனிலும் ஜெர்மன் குதிரை கொஞ்சம் சின்னக் குதிரை. 420 குதிரைத்திறன் அலிசன் ஜெர்மன் கணக்கில் 426 ஆகிவிடும். பிஓ-105 பற்றிய பழைய ஜெர்மன் பிரசுரத்தில் 426 என்று பார்த்துவிட்டு "ஜெர்மனிக்கு மட்டும் சக்தி கூட்டிய விசேஷ இன்ஜின்" என்று ஒருவர் என்னிடம் மூன்று பக்கம் வாதாடினார். அன்றைக்கு ராத்திரி தூக்கம் போனதுதான் மிச்சம்.

#15 ரோட்டார்_பித்தன்
வேகம் சரி. உயரத்துக்கு என்ன சொல்கிறீர்கள்? லாமா என்கிற பிரெஞ்சு ஹெலிகாப்டரின் உச்சவரம்பு 12,442 மீட்டர் என்று என் அட்டவணையில் இருக்கிறது. இது உலக சாதனை, ஆவணப்படுத்தப்பட்டது, யாரும் மறுக்க முடியாது.

#16 நாட்மைல்
மறுக்கவில்லை. 1972 ஜூன் 21, ஷான் பூலே, எஸ்ஏ 315பி லாமா. அதைவிடச் சுத்தமான ஆவணம் கிடைக்காது. ஆனால் அந்த ஹெலிகாப்டரில் பறக்கத் தேவையில்லாத எல்லாவற்றையும் கழற்றி எறிந்திருந்தார்கள், உள்ளே ஒரே ஆள். உச்சியில் சக்தியைக் குறைத்ததும் இன்ஜின் அணைந்தே போனது. மனிதர் அங்கிருந்து கீழே வரை ரோட்டார் தானாகச் சுழல்கிற வேகத்திலேயே இறங்கி வந்தார். அப்படி இறங்கியதே தனி சாதனை. இதை எடுத்து "உச்சவரம்பு" என்ற பத்தியில் போட்டால், பக்கத்தில் இருக்கிற ஹெலிகாப்டர்கள் எல்லாம் கோழிக்குஞ்சு மாதிரி தெரியும்.

சாதாரண லாமாவின் சேவை உச்சவரம்பு 5,400 மீட்டர், அதுவும் 1,950 கிலோ எடையில். சேவை உச்சவரம்பு என்றால் நிமிடத்துக்கு 100 அடி ஏறுகிற அளவுக்காவது தெம்பு மிச்சம் இருக்கிற உயரம், அங்கே போய் மிதந்து நிற்கலாம் என்று பொருள் இல்லை. லாமாவும் டீரேட் ஆசாமிதான், ஆர்ட்டூஸ்ட் 3பி இன்ஜின் 870, அடக்கி ஓட்டுவது 550. மலைக்கென்றே செய்தது.

தும்பியின் ஓஎச்-6-க்கும் இதே நோய் உண்டு. 1966 ஏப்ரலில் ராபர்ட் ஃபெர்ரி ஒரு ஓஎச்-6-இல் கலிபோர்னியாவிலிருந்து ஃபுளோரிடா வரை நிற்காமல் பறந்தார், 3,561 கி.மீ. கூடுதல் தொட்டிகளை அடைத்துக்கொண்டு போனது. சில இடங்களில் அது "அதிகபட்ச தூரம்" என்று பதுங்கியிருக்கும்.

#17 ரோட்டார்_பித்தன்
சரி, 12,442-ஐ எடுத்துவிடுகிறேன். ஆனால் சாதனைகளுக்கு என்று தனியாக ஒரு பத்தி வைப்பேன், அதை யாரும் கேட்கக் கூடாது.

#18 பழைய_ஸ்பானர்
தாராளமாக வை.

மிதப்பு உயரம் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ராணுவ ஹெலிகாப்டருக்கு அதுதான் முக்கியம், அதில்தான் விற்பனைப் பிரசுரங்கள் கண்ணாமூச்சி ஆடும். தரை விளைவோடு மிதப்பது ஒன்று, தரை விளைவு இல்லாமல் மிதப்பது இன்னொன்று. தரைக்கு அருகே நிற்கும்போது கீழே தள்ளுகிற காற்றுக்குத் தரை முட்டுக்கொடுக்கும், குறைந்த சக்தி போதும். மரக்கூட்டத்துக்கு மேலே நின்றால் முட்டு கிடையாது. பிரசுரத்தில் முதலாவதைப் பெரிய எழுத்தில் போடுவார்கள், இரண்டாவது இருந்தால் அதிர்ஷ்டம்.

எந்த வெப்பத்தில் என்பது அடுத்தது. நியமக் காற்றுமண்டலம் என்று சின்னதாக எழுதியிருந்தால் 4,000 அடியில் 7 டிகிரி என்று கணக்கு. அமெரிக்கத் தரைப்படை அதனால்தான் 4,000 அடி, 35 டிகிரி என்று ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டு கேட்கும். அந்தச் சூட்டில் காற்று 7,000 அடிக்கு மேலே இருப்பதுபோல மெலிந்துவிடும். நியமக் காற்றில் எடுத்த ஒரு எண்ணையும் அந்தச் சூட்டில் எடுத்த இன்னொரு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒப்பீடே இல்லை.

#19 தும்பி_நிழல்
எல்லோருக்கும் நன்றி, நிறைய தெளிவாகிவிட்டது. எடை இப்படித்தானே? ஓஎச்-6ஏ-க்கு 1,089 என்பது வழக்கமான எடை, 1,225 என்பது கூடுதல் சுமை அனுமதி. 500டிக்கு 1,361 உள்ளே ஏற்றினால், 1,610 கொக்கியில் தொங்கவிட்டால்?

#20 காகிதப்புலி
அதேதான். பவுண்டில் 2,400, 2,700, 3,000, 3,550. கொக்கிச் சுமை தனிக் கணக்கு, ஆபத்து வந்தால் அறுத்து விட்டுவிடலாம் என்பதால். 530எஃப்-க்கு 3,100, 3,750. லாமாவிலும் இதே மாதிரி 1,950, 2,300 கிலோ. கனமானதை மட்டும் எடுத்து "அதிகபட்சம்" என்று போட்டுவிட்டு அதிலிருந்து வெற்று எடையைக் கழித்து உள்ளே இத்தனை வீரர்கள் என்று கணக்குப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள்.

வெற்று எடையை எங்கே எடுத்தாலும் என்னென்ன மாட்டிய நிலையில் என்று பாருங்கள். இருக்கை, ரேடியோ, வடிக்க முடியாத எண்ணெய், எல்லாம் சேர்த்ததா இல்லையா என்பதைப் பொறுத்து ஒரே ஹெலிகாப்டர் கணிசமாக மாறும்.

#21 தும்பி_நிழல்
சரி, என் திருத்திய அட்டவணையின் ரோட்டார் பத்தி: ஓஎச்-6ஏ 8.05, 500டி 8.08, 530எஃப் 8.35. மற்றவை நீங்கள் சொன்னபடி மாற்றிவிட்டேன். இந்தப் பத்தியை மட்டும் தொடவில்லை, மூன்றும் படிப்படியாகக் கூடுவதால் சரியாகத்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

#22 நாட்மைல்
மூன்றும் தப்பு. ஒரே அளவில் தப்பு, அதுதான் அழகு.

ஓஎச்-6ஏ-யின் ரோட்டார் 26 அடி 4 அங்குலம், 8.03 மீட்டர். 500டி 26 அடி 5 அங்குலம், 8.05. 530எஃப் 27 அடி 4 அங்குலம், 8.33. உங்கள் எண்கள் மூன்றும் கிட்டத்தட்ட இரண்டு, மூன்று சென்டிமீட்டர் கூடுதல். இப்போது கால்குலேட்டரை எடுத்து 26.4-ஐ 0.3048-ஆல் பெருக்கிப் பாருங்கள்.

#23 தும்பி_நிழல்
8.05.

#24 நாட்மைல்
26.5?

#25 தும்பி_நிழல்
8.08. 27.4 போட்டால் 8.35. அய்யோ. விரிதாளில் "26 அடி 4 அங்குலம்" என்பதை 26.4 என்று தட்டியது நானேதான். ஒரு அடிக்குப் பத்து அங்குலம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். அதைவிடக் கொடுமை, ஓஎச்-6ஏ-க்கு நான் போட்ட தப்பான 8.05 சரியாக 500டியின் உண்மையான எண்ணாக இருக்கிறது, அதனால் எங்கே சரிபார்த்தாலும் ஏதோ ஒரு பக்கத்தில் ஒத்துப்போனது.

#26 பழைய_ஸ்பானர்
அந்த 8.05-ஐ ஓஎச்-6ஏ-க்குப் போட்டு வேறு எங்காவது பகிர்ந்திருக்கிறாயா?

#27 தும்பி_நிழல்
...போன மாதம் மூன்று இடத்தில். இன்று ராத்திரி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போய்த் திருத்திவிட்டு வருகிறேன். கயோவா பத்தியையும் பார்க்க வேண்டும், அங்கே 10.79 என்று இருப்பது இப்போதுதான் கண்ணில் படுகிறது.